பழைய வண்டியில் கை வைக்கும்போது பலரும் செய்யும் தவறுகள்

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பேட்டரி போய்விட்டது என்று புதிதாக ஒன்றை வாங்கி மாட்டினேன். இரண்டு நாள் ஓடியது. மறுபடி 'டக்'. செல்ஃப் மோட்டாரை இறக்கி, பிரஷ் மாற்றி ஏற்றினேன். ஒரு வாரம் ஓடியது. மறுபடியும் அதே சத்தம். கடைசியில் பார்த்தால், இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டைதான் காரணம். மேலே பார்க்க ஒரு குறையும் இல்லை. போல்ட்டைக் கழற்றிய பிறகுதான், பட்டையின் அடியில் துருவும் பழைய பெயின்ட்டும் ஏடு மாதிரி படிந்திருந்தது தெரிந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

கோளாறு எங்கே என்று அளந்து பார்க்கும் முன்பே சாமானை மாற்றுவது. பழைய வண்டியில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரே ரகம்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், மாற்றியதும் வண்டி கொஞ்ச நாள் ஓடியும் தொலைக்கும். ஒயரை அசைத்ததிலும் மோட்டாரைக் கழற்றி மாட்டியதிலும் கெட்டுப்போன இணைப்பு தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும். நாமும் கண்டுபிடித்துவிட்டோம் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வோம்.

சரி, மீட்டர் வைத்துப் பார்க்கலாம் என்று வருபவர்களும் ஒரு இடத்தில் வழுக்குவார்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து எர்த் பட்டையைச் சோதித்தால் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். நல்லாத்தான் இருக்கிறது என்று விட்டுவிடுவோம். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது 150 ஆம்பியர் வரை கரன்ட் இழுக்கக்கூடியது. இணைப்பில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே அந்தக் கரன்ட்டுக்கு 3 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். அத்தனை சின்னத் தடையைச் சாதாரண மீட்டரால் பிரித்துக் காட்ட முடியாது. அதனால் லோடு இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முளையிலேயே வையுங்கள், மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் அல்ல. மறுமுனை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான இரும்பில் படட்டும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும்; இன்ஜின் பிடித்துவிடாமல் இருக்க இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் பக்கம் குற்றமில்லை. 1 வோல்ட்டைத் தாண்டினால் புது பேட்டரி வாங்கும் யோசனையைத் தள்ளிப்போடலாம்.

பேட்டரியையும் இதே மீட்டர் சொல்லிவிடும். சில மணி நேரம் சும்மா இருந்த 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது என்று பொருள். 12.0 என்றால் கிட்டத்தட்ட காலி. இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி ஏறாவிட்டால் சார்ஜிங்கில் கோளாறு. அந்த நிலையில் எத்தனை பேட்டரி மாற்றினாலும் அத்தனையும் படுத்துக்கொள்ளும்.

அடுத்து கார்பரேட்டர். பெட்ரோல் வண்டி எந்த மக்கர் செய்தாலும் பழி அதன் தலையில்தான் விழும். பாதி நேரம் கோளாறு இக்னிஷனில் இருக்கும். பாயிண்ட் (ஸ்பார்க்குக்கான கரன்ட்டைத் துண்டித்துச் சேர்க்கும் சின்ன சுவிட்ச்) வைத்த வண்டி என்றால் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்டைப் பாருங்கள். ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாகக் கருகியிருந்தால் பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சர் மேல் சந்தேகம் வர வேண்டும். அதை விட்டுவிட்டுப் பாயிண்டை மட்டும் மாற்றினால் புதுப் பாயிண்டும் சீக்கிரமே கருகும். பாயிண்ட் இடைவெளி பல வண்டிகளில் 0.4 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அந்தந்த வண்டியின் புத்தகத்தில் உள்ளதுதான் கணக்கு. இடைவெளியை மாற்றினால் டைமிங்கும், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரமும், நகரும். ஆகவே பாயிண்ட் முதலில், டைமிங் பிறகு, கார்பரேட்டர் கடைசியில். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று கலைந்துகொண்டே போகும்.

மூன்றையும் ஒரே மாலையில் செய்து முடித்துவிடலாம் என்று உட்காருவது இன்னொரு தப்பு. வண்டி சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது. மோசமானால் அதைவிடப் பெரிய தலைவலி. ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், பிறகு அடுத்தது. திருகும் முன் கார்பரேட்டரின் ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்றில் இருந்தது என்று எண்ணி ஒரு சீட்டில் குறித்துக்கொண்டால், ஒன்றும் பலிக்காதபோது பழைய இடத்துக்காவது திரும்பலாம்.

கார்பரேட்டரைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், பெட்ரோலை அளந்து விடும் பித்தளை ஜெட்டில் கம்பியை மட்டும் விடாதீர்கள். பித்தளை மென்மையான உலோகம். இரும்புக் கம்பி அதைச் சுரண்டிவிடும். 0.50 மில்லிமீட்டர் ஓட்டை 0.55 ஆனால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் ஓட்டையின் பரப்பு 21 சதவீதம் கூடிவிட்டது. அதற்கேற்ப பெட்ரோலும் கூடுதலாகப் போகும். பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் விழும், காரணம் புரியாமல் ட்யூனிங் செய்துகொண்டே இருப்போம். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். ரப்பர் டயஃப்ரம் உள்ள கார்பரேட்டர் என்றால் ஊறவைக்கும் முன் அதைக் கழற்றிவிடுங்கள்.

துருப்பிடித்த போல்ட்டுக்குத் தேவை பொறுமை. பலரும் பலத்தைத்தான் கொண்டுவருகிறார்கள். டபிள்யூடி-40 அடித்துவிட்டு அடுத்த நிமிடமே நீளமான பைப்பைச் செருகித் திருகினால் தலை முறியும். அந்த டப்பாவின் பெயரே தண்ணீரை விரட்டுவதற்கான நாற்பதாவது முயற்சி என்ற பொருளில் 1953-இல் வந்தது. துருவுக்குள் இறங்கவே தயாரித்த எண்ணெய்கள் தனியாக இருக்கின்றன. மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் முதலில் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கள், பிறகு தளர்த்துங்கள். கால் சுற்று வந்ததும் மறுபடி உள்ளே திருப்பி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாகக் கொண்டுவர வேண்டும். தேய்ந்த தலைக்கு ஆறு பட்டை சாக்கெட்தான் பிடிக்கும். பன்னிரண்டு பட்டை வழுக்கும்.

அலுமினிய ஹெட்டில் ஸ்பார்க் பிளக் மாட்டும்போது எடுத்ததும் ஸ்பேனரைப் போடுவதும் இதே அவசரம்தான். ஒரு துண்டு ரப்பர் ஹோஸைப் பிளக்கின் மேல்முனையில் செருகி, விரலால் திருகி இறக்குங்கள். மரை மாறி ஏறினால் ரப்பர் வழுக்கிவிடும், ஹெட் பிழைக்கும். முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்பினால் ஒரு இடத்தில் 'டொக்' என்று இறங்கும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் மரை தானாகவே சேரும்.

வண்டி சூடாகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்லும் யோசனை எங்கும் கிடைக்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைத் தடுத்து, பொதுவாக 80 முதல் 90 டிகிரிக்குள் திறக்கும் அந்தச் சின்ன வால்வு இல்லாவிட்டால் இன்ஜின் சூடேற நேரமாகும், எரியாத பெட்ரோல் ஆயிலோடு கலக்கும். சில இன்ஜின்களில் ரேடியேட்டரைத் தொடாமல் தண்ணீர் சுற்றும் பைபாஸ் வழியையும் சூடேறியதும் தெர்மோஸ்டாட்தான் அடைக்கும். அங்கே அதை எடுத்துவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் உள்ளேயே சுற்றும். சூடு கூடத்தான் செய்யும். சந்தேகம் இருந்தால் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் போட்டுப் பாருங்கள், திறக்கிறதா இல்லையா என்பது கண்முன்னே தெரியும். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்க வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி கழன்ற நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும்.

பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஆம்பியர் பியூஸ் போடுவது, அவசரத்துக்குக் கம்பியைச் சுற்றுவது: இரண்டுமே ஒயரையே பியூஸ் ஆக்கும் வேலை. சிலிகான் பேஸ்ட்டை கேஸ்கட்டில் தாராளமாக அப்பினால் வெளியே பிதுங்குவதுபோல உள்ளேயும் பிதுங்கும். அந்தத் துணுக்கு ஆயில் சம்ப்பின் வலையை அடைத்துவிடலாம்.

டீசல் தீர்ந்து நின்ற இன்ஜினை செல்ஃப் அடித்தே உயிர்ப்பிக்கப் பார்ப்பவர்கள் செல்ஃப் மோட்டாரையும் சேர்த்துக் கொல்கிறார்கள். கைப்பம்பு இருந்தால் பில்டர் மேலுள்ள, காற்றை வெளியேற்றும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்று சுத்தமான டீசல் வரும்வரை அடித்து, பிறகு இறுக்குங்கள். அதற்குப் பிறகும் ஒரே மூச்சில் 10, 15 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். இன்ஜெக்டர் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம். ஒரு துண்டு அட்டையைக் காட்டிப் பாருங்கள், போதும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு நிமிட வேலைதானே என்று படுப்பவர்களும் அவர்கள்தான். ஸ்டாண்டு வைத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைப் பக்கவாட்டில் உலுக்கிப் பார்த்த பிறகே தலையை உள்ளே விடுங்கள்.

டிஸ்க் பிரேக் பேட் மாற்றியவர்கள் மறக்கும் ஒன்று. பிஸ்டனைப் பின்னால் தள்ளியிருப்பதால் முதல் மிதியில் பெடல் தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. இன்ஜினைத் தொடும் முன் நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும்வரை மிதித்து, பிரேக் ஆயில் அளவைப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும்.