பழைய ஸ்பெக்ட்ரம், கேசட், இதழ்கள்: முதல் நாளிலேயே கெடுத்துவிடும் தவறுகள்

சின்கிளேர் நிறுவனம் 1982 ஏப்ரலில் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், பிரிட்டனில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு முதல் கணினி. 16கே ராம் உள்ளது 125 பவுண்டு, 48கே உள்ளது 175 பவுண்டு. விளையாட்டுகள் சாதாரணப் பாட்டுக் கேசட்டில் வந்தன. எதை வாங்குவது, விளையாட்டில் எந்த அறையில் மாட்டிக்கொண்டால் எப்படி வெளியே வருவது என்பதையெல்லாம் கிராஷ், யுவர் சின்கிளேர், சின்கிளேர் யூசர் முதலிய மாத இதழ்கள் சொல்லிக்கொடுத்தன. இந்தியாவிலும் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் உரிமம் பெற்று 1980-களில் டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. அதனால் பரணில் ஒன்று அகப்பட்டால் ஆச்சரியமில்லை.

அகப்பட்டதும் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல வருடம் பெட்டிக்குள் பத்திரமாகக் கிடந்த கணினியும் கேசட்டும், கைக்கு வந்த முதல் ஒரு மணி நேரத்தில் பாழாவதுதான் அதிகம்.

கையில் இருக்கும் ஏதோ ஒரு 9 வோல்ட் அடாப்டரைச் செருகுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் பிளக்கின் நடுத்துளை பிளஸ், வெளி உறை மைனஸ். ஸ்பெக்ட்ரமில் நேர் எதிர்: நடு மைனஸ், வெளி பிளஸ். உள்ளே பாதுகாப்பு டயோடு கிடையாது. மாற்றிச் செருகினால், 9 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 ரெகுலேட்டர், மின்தேக்கிகள், அவற்றைத் தாண்டியுள்ள சிப்புகள் என்று வரிசையாக அடிபடும். 2.1 மில்லிமீட்டர் பிளக், 9 வோல்ட் டிசி, குறைந்தது 1.4 ஆம்பியர், நடு மைனஸ்: நான்கும் பொருந்துகின்றனவா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே செருகுங்கள்.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. கணினியோடு வந்த பழைய அடாப்டரைத் தனியாக அளந்தால் 9-க்குப் பதில் 12, 13 வோல்ட் காட்டும். கெட்டுவிட்டது என்று பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அது ரெகுலேட்டர் இல்லாத அடாப்டர். சுமை இல்லாதபோது அப்படித்தான் காட்டும். இருந்தாலும் சரியான துருவமுள்ள புதிய ரெகுலேட்டட் 9 வோல்ட் அடாப்டர் கிடைத்தால் அதுவே மேல். உள்ளேயிருக்கும் 7805 சூடாவது குறையும்.

ஸ்பெக்ட்ரமில் ஆன் ஆஃப் சுவிட்ச் இல்லை. மின்சாரம் ஓடும்போதே பின்பக்க எட்ஜ் கனெக்டரில் (சுற்றுப்பலகையின் ஓரம் வெளியே தெரியும் இணைப்பு) ஜாய்ஸ்டிக் இன்டர்ஃபேஸை மாட்டுவதும் பிடுங்குவதும் அதனால் சகஜமாகிவிட்டது. அந்தக் கனெக்டரில் 5, 9, 12 வோல்ட் வழித்தடங்கள் சிக்னல் தடங்களோடு அடுத்தடுத்து இருக்கின்றன. இன்டர்ஃபேஸ் கொஞ்சம் சாய்ந்தாலே ஷார்ட் ஆகும். அதில் முதலில் போவது டிஆர்4 என்ற சின்ன டிரான்சிஸ்டர். 12 வோல்ட்டையும் மைனஸ் 5 வோல்ட்டையும் உண்டாக்கும் சுற்று அதை நம்பித்தான் ஓடுகிறது.

திரையில் வண்ணக் கட்டங்கள் தெரிந்தால் ராமை மாற்றிவிடுவது

48கே சுற்றுப்பலகையில் நினைவகத்தின் கீழ்ப்பகுதி 16கே ராம், 4116 என்ற எட்டுச் சிப்புகள். இவற்றுக்கு மூன்று மின்னழுத்தம் வேண்டும். மைனஸ் 5 வராமல் 12 மட்டும் வந்தால் சிப் செத்துவிடும். திரையில் கோடுகளும் கட்டங்களும் நிரம்பியிருக்கின்றன என்று ராமை மட்டும் மாற்றினால், டிஆர்4 இன்னும் கெட்டே இருக்கும். புதிய சிப்புகளும் அதே வழியில் போகும். முதலில் அளந்து பாருங்கள்: 4116-இன் 1-ஆம் காலில் மைனஸ் 5, 8-இல் பிளஸ் 12, 9-இல் பிளஸ் 5, 16-இல் கிரவுண்ட். மூன்றும் சரியாக வந்த பிறகுதான் ராம் பக்கம் கை வைக்க வேண்டும். அளக்கும்போது மீட்டர் முனை நழுவி இரண்டு கால்களைத் தொட்டுவிடாமல் கவனம் வேண்டும்.

மூடியைத் திறக்கும்போதும் நிதானம் தேவை. விசைகளுக்கு அடியில் உள்ள மெல்லிய தாளான மெம்பிரேனின் இரண்டு பட்டை வால்கள் மூடியிலிருந்து பலகைக்குப் போகின்றன. வயதானவை காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும், இழுத்தால் உடையும். ஐந்து ஐந்தாகச் சில விசைகள் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் வாலில்தான் விரிசல். புது மெம்பிரேன் வாங்கிவிடுங்கள், ஒட்டுப்போடுவது நிலைக்காது.

கேசட்டை அப்படியே பிளேயரில் போடுவது

முதலில் கேசட்டின் கண்ணாடி வழியாக டேப்பைப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. ஈரப்பதம் அதிகமுள்ள ஊர்களில் சாதாரணம். அதை நல்ல பிளேயரில் போட்டால், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். பிறகு நடுவில் உள்ள சிறிய பஞ்சு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பசை விட்டுப்போய் அது விழுந்திருந்தால் டேப் ஹெட்டோடு அழுந்தாது, ஒலி மங்கும். மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டை அழுத்தினாலும் பதியாது. கடைசியாக முழு டேப்பையும் ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

லோட் ஆகாதபோது ஒலியளவை மட்டும் திருகிக்கொண்டிருப்பது அடுத்த தவறு. ஸ்பெக்ட்ரம் தன் கோளாறை எப்போது சொல்கிறது என்பதே ஒரு துப்பு. கேசட்டில் உள்ள ஒவ்வொரு தரவுத் தொகுதியின் முடிவிலும் ஒரு சரிபார்ப்பு பைட் இருக்கிறது. ரோமில் உள்ள வழக்கமான லோடர் அதைக் கடைசியில்தான் பார்க்கும். பல நிமிடம் ஓடி, தொகுதி முடியும் இடத்தில் டேப் லோடிங் எரர் வந்தால், எங்கோ ஒரு பிட் புரண்டிருக்கிறது: ஒலியளவு அல்லது ஹெட்டின் சாய்வு சரியில்லை. தொகுதியின் நடுவிலேயே சட்டென்று எரர் வந்தால், அங்கே சிக்னலே அறுந்திருக்கிறது: டேப்பில் மடிப்போ தேய்மானமோ இருக்கும்.

ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு சின்ன ஸ்குரூ உண்டு. அதுதான் சாய்வைச் சரிசெய்வது. சிவப்பும் வெளிர்நீலமுமாகத் திரை ஓரம் ஓடும்போது வரும் நீண்ட விசில் ஒலியையும், அதற்குப்பின் நீலமும் மஞ்சளுமாக வரும் இரைச்சலையும் கேட்டபடி கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். மந்தமாக இருந்த இரைச்சல் கூர்மையாகிக் காதைக் கூசவைக்கும் இடம்தான் சரியான இடம். பழைய நிலையை முதலிலேயே ஸ்கெட்ச் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேசட்டும் வேறு வேறு இயந்திரத்தில் பதிந்தது. ஒன்றுக்குச் சரியாக இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. இதழ்களோடு இலவசமாக வந்த கேசட்டுகள்தான் இதில் அதிகம் படுத்தும்.

கணினியில் ஏற்றிச் சேமிக்கும்போது எம்பி3-யில் பதியாதீர்கள். அது காதுக்காக ஒலியைச் சுருக்குவது. பிட்டுகளைப் பிரிக்கும் விளிம்புகளைத் தேய்த்துவிடும். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாகப் பதியுங்கள். டால்பி, இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலியளவு எல்லாம் அணைந்திருக்க வேண்டும். ஸ்டீரியோவில் பதிந்துவிட்டு இரண்டு சேனலையும் கூட்டி மோனோ ஆக்குவதும் வேண்டாம். ஹெட் துளி சாய்ந்திருந்தாலும் இரண்டு சேனலுக்கும் நேர வித்தியாசம் வரும், கூட்டினால் உயர் ஒலிகள் ஒன்றையொன்று அழிக்கும். நன்றாக உள்ள ஒரு சேனலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு எந்த வடிவத்தில் வைப்பது? டேப் (.tap) என்ற கோப்பு வடிவம் பைட்டுகளை மட்டும் வைத்திருக்கும், துடிப்புகளின் நேரத்தை வைத்திருக்காது. ஓஷன் நிறுவனத்தின் பல விளையாட்டுகளில் உள்ள ஸ்பீட்லாக் போன்ற வேக லோடர்கள் அதில் நிற்கமாட்டா. அவற்றுக்கு நேரத்தையும் வைத்திருக்கும் டிஇசட்எக்ஸ் (.tzx) வடிவம்தான் வேண்டும். எது செய்தாலும் மூல வேவ் கோப்பை அழிக்காதீர்கள். டேப் இன்னொரு முறை ஓடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இதழில் வந்த போக் (POKE) கட்டளையை எங்கே போடுவது என்று பார்க்காமல் போடுவது

போக் என்பது நினைவகத்தின் ஒரு முகவரியில் ஓர் எண்ணை எழுதும் பேசிக் மொழிக் கட்டளை. இதழ்களின் குறிப்புப் பக்கங்களில் விளையாட்டில் முடிவில்லா உயிர் தரும் போக் கட்டளைகள் ஏராளம். ஜெட் செட் வில்லிக்கு போக் 35899,0 என்பது புகழ்பெற்றது. அதைக் கணினியைத் திறந்ததும் அடித்துவிட்டு லோட் கொடுத்தால் பலனில்லை. பின்னால் வரும் மெஷின் கோட் (சிப் நேரடியாக ஓட்டும் நிரல்) அந்த முகவரியின் மேலேயே ஏறிவிடும். சாதாரண பேசிக் லோடர் உள்ள கேசட்டுகளில் லோட் "" என்பதற்குப் பதிலாக மெர்ஜ் "" கொடுங்கள். லோட் கொடுத்தால் புரோகிராம் தானாக ஓடத் தொடங்கும், மெர்ஜ் கொடுத்தால் நிற்கும். வரிகளைப் பார்த்து, எல்லா லோட்களும் முடிந்த பிறகு, மெஷின் கோடை ஓடவிடும் யூஎஸ்ஆர் வருவதற்குச் சற்று முன்னால் போக்கைச் செருகி ரன் கொடுங்கள்.

அதே பெயருள்ள விளையாட்டு என்றால் அதே முகவரி என்று எண்ணவும் கூடாது. மேனிக் மைனர் 1983-இல் பக்-பைட் வெளியீடாக வந்தது, பிறகு சாஃப்ட்வேர் புராஜெக்ட்ஸ் வெளியிட்டது. இரண்டிலும் சிறு மாற்றங்கள் உண்டு. மறுவெளியீடுகள் பலவற்றில் லோடரே மாறியிருக்கும். போக் வந்த இதழின் மாதத்தையும், உங்களிடம் உள்ள கேசட்டின் வெளியீட்டாளரையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணினியின் மாடலும் முக்கியம். பின்னால் வந்த கறுப்பு நிற பிளஸ் 2ஏ, பிளஸ் 3 மாடல்கள் இரண்டிலும் உள்சுற்று மாறிவிட்டதால் ஆர்கனாய்டு, கோப்ரா போன்றவற்றின் பழைய வெளியீடுகள் உறைந்துவிடும். கேசட்டைக் குறைசொல்லிப் பயனில்லை. சாம்பல் நிற பிளஸ் 2-வில் ஜாய்ஸ்டிக் துளைகள் பார்க்க அட்டாரி போலவே இருந்தாலும் வயரிங் வேறு. வயரிங்கை மாற்றித் தரும் இணைப்பான் இல்லாமல் அட்டாரி ஜாய்ஸ்டிக் ஓடாது.

லிஸ்டிங்கைத் தட்டச்சு செய்ததும் ரன் கொடுப்பது

இதழ்களில் அச்சான புரோகிராம்களை வரிவரியாக அடிப்பதில் தனிச் சந்தோஷம் இருக்கிறது, அதை யாரும் கைவிடக்கூடாது. ஆனால் ரன் கொடுக்கும் முன் கேசட்டில் சேவ் செய்து வெரிஃபை பாருங்கள். டேட்டா வரியில் ஓர் எண் பிசகினாலும் மெஷின் கோட் எங்கோ தாவிக் கணினியை ரீசெட் செய்துவிடும், ஒரு மாலை நேர உழைப்பு நொடியில் போகும். சேவ் செய்யும்போது இயர் (EAR) துளையில் உள்ள வயரைக் கழற்றிவிட வேண்டும்.

ஸ்பெக்ட்ரம் ஒவ்வொரு வரியையும் என்டர் அழுத்தும்போதே இலக்கணம் பார்த்துவிடும். அதனால் எல்லாம் சரி என்று நம்பிவிடுகிறோம். 183-க்குப் பதில் 188 அடித்தால் அது எதையும் சொல்லாது. டேட்டாவில் எண் எண்தான். பிழையெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒருவர் வாசிக்க, ஒருவர் திரையைப் பார்க்க, கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குப் போங்கள். பழக்கத்தில் கண் தாண்டிப் போகாது.

புரியாத இடத்தில் பெரிய எழுத்துகள் வந்தால் அவை எழுத்துகளாக இல்லாமலும் இருக்கலாம். கேப்ஸ் ஷிஃப்டும் 9-ம் அழுத்தி கிராபிக்ஸ் நிலையில் அடிக்க வேண்டிய உருவங்களாக இருக்கக்கூடும். இதழின் முன்குறிப்பில் சொல்லியிருப்பார்கள். 48கே-யில் அத்தகைய உருவங்கள் 21. பின்னால் வந்த 128கே மாடலின் 128 பேசிக்கில் கடைசி இரண்டின் இடத்தைப் புதிய கட்டளைகள் எடுத்துக்கொண்டதால் 19 மட்டுமே. 1984 இதழின் லிஸ்டிங்கை 128-இல் அடிப்பவர்கள் 48 பேசிக்குக்கு மாறிக்கொள்ளட்டும்.

எல்லாம் சரிபார்த்தும் ஓடவில்லையா? அடுத்த இரண்டு மாத இதழ்களை எடுங்கள். அச்சுப்பிழைத் திருத்தங்கள் பெரும்பாலும் வாசகர் கடிதப் பக்கத்தின் மூலையில் சின்ன எழுத்தில் வரும்.

அட்டையில் உள்ள மாதத்தை வெளியீட்டு மாதமாக எடுத்துக்கொள்வதும் ஒரு தவறு. கடைக்கு இதழ் அதற்கு முன்பே வந்துவிடும். விமர்சனம் எழுதப்பட்டது அதற்கும் முன்பு, சில நேரம் முடியாத பிரதியை வைத்து. ஒரு விளையாட்டின் பிறந்த தேதியைத் தேடுபவர்கள் விளம்பரம், விமர்சனம், விற்பனைப் பட்டியல் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஸ்கேன் செய்பவர்களுக்கு: லிஸ்டிங் பக்கங்களை 600 டிபிஐ-யில், இழப்பில்லாத வடிவத்தில் எடுங்கள். ஜேபெக் சுருக்கத்தில் 3, 6, 8 மூன்றும் ஒன்றாகத் தெரியும். நடுப்பக்க வரைபடங்களை எடுக்க இதழை விரித்து அழுத்தாதீர்கள். துருப்பிடித்த பின்னின் கால்களை நடுப்பக்கத்தில் தட்டைக் கத்தியால் நிமிர்த்தி, வெளிப்பக்கமாக உருவிவிட்டு, தாள்களைத் தனித்தனியாக ஸ்கேன் செய்து, துருப்பிடிக்காத பின்னை அதே துளைகளில் போடுங்கள்.