ஆராதனைக்கு வருவோரை வரவேற்கும் முறை: புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

வரவேற்புக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள், ஆலய வாசலில் முகமலர்ச்சியோடு நின்று பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவதுண்டு. ஆனால் எங்கள் குழுவுக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது வாசல் அல்ல, ஆசீர்வாதம் கூறி முடித்த பிறகு வரும் சில நிமிடங்களே.

முதலாவதாக, ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். கழிப்பறை எங்கே, சக்கர நாற்காலிக்கான சாய்தளம் எந்தப் பக்கம், கைக்குழந்தையோடு வருவோர் எங்கே அமரலாம் என்பவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்ல வேண்டும். பின்வரிசைகளில் ஓர இருக்கைகளைத் தாமதமாக வருவோருக்கு விட்டுவைக்குமாறு சபையாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது முதல் வார்த்தை. “நீங்கள் புதியவரா?” என்று கேட்காதீர்கள், பல ஆண்டுகளாக உறுப்பினராக இருப்பவரிடம் அப்படிக் கேட்டுவிட்டால் அவர் மனம் புண்படும். “வணக்கம்” என்று உங்கள் பெயரைச் சொல்லி, “நாம் இதற்கு முன் பேசியதில்லை என்று நினைக்கிறேன்” என்பது இருவகையினருக்கும் பொருந்தும். பதில் சுருக்கமாக வந்தால் அத்துடன் விட்டுவிடுங்கள். துக்கத்தோடு, பேச விரும்பாமல் வருபவர்களும் உண்டு.

இருக்கை காட்டுவதில் ஆடையையும் அந்தஸ்தையும் பார்க்கக் கூடாது என்பதை வேதாகமத்திலுள்ள யாக்கோபு நிருபத்தின் (கடிதத்தின்) 2ஆம் அதிகாரம், பொன் மோதிரம் அணிந்தவரையும் கந்தையுடுத்த ஏழையையும் எதிரெதிரே நிறுத்திக் கண்டிப்பாகவே சொல்கிறது. 3ஆம் நூற்றாண்டில் சிரியாவில் உருவான ‘திதஸ்காலியா’ என்னும் சபை ஒழுங்கு நூலோ, ஏழையோ முதியவரோ வந்து இடமில்லாதபோது, தாம் தரையில் அமர நேர்ந்தாலும் ஆயர் அவருக்கு இடம் தரவேண்டும் என்கிறது. வரவேற்பவர்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

ஆராதனையின் நடுவில் விருந்தினரை எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. கூச்சமுள்ளவர்களுக்கு அது பெரும் சோதனை. அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து அன்று உண்டானால், யார் பங்குபெறலாம் என்பதை நடத்துபவர் முன்னதாகவே ஒரு வாக்கியத்தில் அறிவிக்கட்டும். கத்தோலிக்கத் திருச்சபையில் நற்கருணை எனப்படும் இவ்விருந்து பொதுவாகக் கத்தோலிக்கருக்கு உரியது. ஞானஸ்நானம் பெற்ற அனைவரையும் அழைக்கும் சபைகளும் பல உள்ளன. புதியவர் இதை ஊகித்தறிய வேண்டிய நிலை வரக் கூடாது.

இனி முக்கியமான படிக்கு வருவோம். ஆராதனை முடிந்தவுடன் சபையார் தத்தம் நண்பர்களிடம் திரும்பிவிடுகிறார்கள். வரவேற்புக் குழுவினரோ காணிக்கை எண்ணவும் புத்தகங்களை அடுக்கவும் போய்விடுகிறார்கள். புதியவர் பையைத் தோளில் மாட்டி, அறிவிப்புப் பலகையைச் சற்று நேரம் வாசிப்பதுபோல் நின்றுவிட்டு, யாரும் அணுகாததால் வெளியேறிவிடுகிறார். ஆகவே இறுதிப் பாடலின்போதே இருவர் வாசலுக்குச் சென்றுவிடுங்கள். அடுத்த பத்து நிமிடங்களுக்கு அவர்களுக்கு வேறெந்த வேலையும் தரக் கூடாது. அவர்கள் தாங்கள் பேசுவதோடு நிறுத்தாமல், புதியவரை இன்னொருவருக்கு அறிமுகப்படுத்த வேண்டும்: குழந்தையோடு வந்தவரை அதே வயதுக் குழந்தையின் பெற்றோரிடமும், பாட ஆர்வமுள்ளவரைப் பாடகர் குழுவினரிடமும் அழைத்துச் செல்லுங்கள். வாசலில் கண்ட ஒரே முகத்தைத் தவிர இன்னொருவரையும் அறிந்து வீடு திரும்புகிறவருக்கு, மறுவாரம் உள்ளே நுழையத் தயக்கம் குறைகிறது.

விவரம் பெறக் கைப்பேசிப் படிவத்தைவிடத் தடித்த அட்டையும் பேனாவுமே சிறந்தவை என்பது என் உறுதியான கருத்து. பெயரும் தொடர்பு எண்ணும் போதும்; “தொடர்புகொள்ள வேண்டாம்” என்று குறிக்க ஒரு கட்டமும் இருக்கட்டும். பெயர் அட்டையை வரவேற்பவர் அணிந்தால் போதும், விருந்தினருக்கு மாட்ட வேண்டாம்.

பின்சேர்க்கை: சிறிய சபையினர் சிலர், தங்களிடம் இதற்கு நேர்மாறான சிக்கல் இருப்பதாக எழுதினார்கள், புதியவர் வந்தால் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொள்கிறார்களாம். அங்கே ஒருவரை மட்டும் பொறுப்பாக நியமித்து, மற்றவர்கள் தலையசைத்து வாழ்த்தினால் போதும். நெடுநாள் வராதிருந்து திரும்பிய உறுப்பினரைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். “என்ன, ஆளையே காணோம்?” என்பது அன்பாகச் சொன்னாலும் குற்றச்சாட்டாகவே காதில் விழும். “உங்களைக் கண்டதில் மகிழ்ச்சி” என்று சொல்லி, வழக்கம்போல் இருக்கைக்கு அழைத்துச் செல்லுங்கள். வராத காரணத்தை அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.