குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு ஊசி: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

செப்டம்பரில் படிக்க வந்து இறங்குகிற பிள்ளைகள் பலரும் அக்டோபர் வாக்கில் என்னிடம் கேட்பது இதுதான்: "அக்கா, ஊர்லயே கோவிஷீல்டு ரெண்டு டோஸ் போட்டாச்சு. இங்க எதுக்கு மறுபடியும் ஊசி?" கிழக்கு லண்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் பத்து வருடமாக வேலை பார்க்கிறேன். அங்கே பகுதி நேரமாகச் சேர்ந்த திருச்சிப் பையன் ஒருவன் இன்னும் ஒரு படி மேலே போனான். "வைரஸ்தான் மாறிக்கிட்டே இருக்கே. போடுற ஊசி எப்பவும் பழசாத்தானே இருக்கும்?" என்றான். நியாயமான கேள்வி. கோவிட், ஃப்ளூ ஊசிகளைப் பற்றி அவனுக்குச் சொன்ன பதிலையும், இங்கே வந்ததும் செய்ய வேண்டிய வேலைகளையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் கோவிஷீல்டு. அது இங்கே போட்ட அஸ்ட்ராசெனகா ஊசிதான், புனேயில் தயாரானது. அதனால் இங்கிலாந்தில் எடுத்த கணக்கு நமக்கும் உதவும். 2021-ல் டெல்டா பரவியபோது, இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு அறிகுறியோடு கோவிட் வருவதை அது சுமார் 67 சதவீதம் தடுத்தது. ஃபைசர் ஊசி 88 சதவீதம். அந்த வருடக் கடைசியில் ஓமிக்ரான் வந்தது. அஸ்ட்ராசெனகா இரண்டு டோஸோடு நின்றவர்களுக்கு ஐந்து மாதம் போனபின் அந்தப் பாதுகாப்பு கிட்டத்தட்ட இல்லாமலே போனது. ஃபைசர் போட்டவர்களுக்கும் ஆறு மாதத்தில் 9 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. மூன்றாவது டோஸ் போட்டதும் 60-க்கு மேல் ஏறியது, பிறகு சில வாரங்களில் மறுபடியும் இறங்கத் தொடங்கியது.

இவ்வளவையும் கேட்டால் ஊசியே வீண் என்றுதான் தோன்றும். ஆனால் இந்த எண்கள் எல்லாம் காய்ச்சலும் இருமலும் வருமா வராதா என்பதற்கானவை. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு நோய் முற்றுமா என்பது வேறு கேள்வி. அந்தப் பாதுகாப்பு ஓமிக்ரானிலும் இப்படிச் சரியவில்லை. இறங்கினாலும் மெதுவாகத்தான் இறங்கியது.

ஏன் அப்படி? நோயை எதிர்க்க ரத்தத்தில் உருவாகும் ஆன்டிபாடிகளை வாசலில் நிற்கும் வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்தது ஆளின் மீசை மட்டும்தான். மீசையை மழித்துக்கொண்டு வந்தால் உள்ளே விட்டுவிடுவார். வைரஸ் மாற்றிக்கொள்வதும் பெரும்பாலும் அந்த வெளித்தோற்றத்தைத்தான், அதன் மேலே முள்முள்ளாக இருக்கும் புரதத்தை. வீட்டுக்குள்ளே இருக்கும் டி செல்கள் (நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளை அணுக்கள்) சின்ன வயதிலிருந்தே ஆளைத் தெரிந்த ஊர்க்காரர் மாதிரி. அவை வைரஸ் புரதத்தின் பல துண்டுகளையும் அடையாளம் வைத்திருக்கும். மீசை போனாலும் நடையைப் பார்த்தே பிடித்துவிடும். ஆள் உள்ளே வந்துவிடுகிறான், வீட்டைச் சூறையாட முடிவதில்லை.

சளிக்காய்ச்சல் என்று நாம் சொல்கிற ஃப்ளூவிலும் இதே கதைதான். இங்கே குளிர்காலத்தில் அதை யாரும் லேசாக எடுப்பதில்லை. வடக்கு நாடுகளுக்கான ஊசியில் எந்த வகை வைரஸ்கள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலேயே சொல்லிவிடும். தயாரிக்க ஆறு மாதம் ஆகும். நடுவில் வைரஸ் மாறினால் ஒன்றும் செய்ய முடியாது. 2025-ல் அப்படித்தான் ஆனது. ஊசிக்கான வகையைத் தேர்ந்தெடுத்த பிறகு எச்3என்2 என்ற ஃப்ளூ வைரஸில் கே என்ற புதுக் கிளை கிளம்பி, வழக்கத்தைவிடச் சீக்கிரமே இங்கே பரவியது. "இந்த வருஷ ஊசி பொருந்தவில்லையாம்" என்று ஒரே பேச்சு. சீசன் தொடக்கத்தில் வந்த இங்கிலாந்துக் கணக்கைப் பார்த்தால், ஃப்ளூவோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் நிலையை அந்த ஊசி 2 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளிடம் 70 முதல் 75 சதவீதமும், பெரியவர்களிடம் 30 முதல் 40 சதவீதமும் குறைத்திருந்தது.

அந்த 30 சதவீதத்தைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். ஊசி போடாமல் இருந்தால் பத்துப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள் என்றால், போட்டால் ஆறோ ஏழோ பேர் போவார்கள். மீதி மூன்று நாலு பேர் வீட்டில் கஞ்சி குடித்துத் தேறிவிடுவார்கள். எங்கள் இல்லத்தில் அந்த டிசம்பரில் தொண்ணூறு தாண்டிய ஒரு பாட்டிக்கு ஃப்ளூ வந்தது. ஐந்து நாள் டீயில் நனைத்த பிஸ்கட் தவிர ஒன்றும் இறங்கவில்லை. ஆறாம் நாள் காலையில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, டீயில் சர்க்கரை போதவில்லை என்று என்னைத் திட்டினார். ஊசியால்தான் தப்பித்தார் என்று ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் போன அந்த ஐந்து நாளின் அருமை, இரவு ஷிஃப்ட் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

வந்த வாரமே பக்கத்து ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்கில் பதிவு செய்யுங்கள். வீட்டு முகவரிச் சான்று வேண்டும், விசா காட்ட வேண்டும் என்று வரவேற்பறையில் சொன்னால் மிரள வேண்டாம். பதிவு செய்ய இரண்டும் கட்டாயமில்லை. மாணவர்கள் வருடத்துக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டித்தான் வந்திருக்கிறீர்கள், தயங்காதீர்கள்.

ஃப்ளூ ஊசி எல்லோருக்கும் இலவசம் இல்லை. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோய், இதய நோய் போன்றவை உள்ளவர்கள், 2, 3 வயதுக் குழந்தைகள், பள்ளிப் பிள்ளைகள் ஆகியோருக்கு இலவசம். நாற்பது வயதில் சுகர் மாத்திரை போடும் நம் ஆட்கள் எத்தனையோ பேருக்கு இது தெரிவதே இல்லை, கேட்டு வாங்குங்கள். நிறுவனமே ஊசி போட ஏற்பாடு செய்யாத முதியோர் இல்லங்களில் நேரடியாகப் பராமரிப்பு வேலை பார்ப்பவர்களுக்கும் இலவசம், பகுதி நேரமானாலும் சரி. திருச்சித் தம்பியும் அப்படித்தான் போட்டுக்கொண்டான். மருந்துக்கடையின் பின்பக்கம் ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி. அலர்ஜி உண்டா, இன்று காய்ச்சல் இருக்கிறதா என்று இரண்டு கேள்வி, பத்து விநாடி, ஒரு பிளாஸ்டர். மறுநாள் படுக்கை விரிப்பு மாற்றும்போது இடது கையைத் தூக்க முடியாமல் சிரித்தான். அதற்கடுத்த நாள் சரியாகிவிட்டது.

கர்ப்பிணிகள் தவிர மற்றப் பெரியவர்களுக்கு ஃப்ளூ ஊசியை அக்டோபரில்தான் தொடங்குவார்கள். முன்கூட்டியே போட்டால் டிசம்பர், ஜனவரியில் வீரியம் குறைந்துவிடும் என்பதே காரணம். கோவிட் ஊசி இப்போது சுருங்கிவிட்டது: 2025 இலையுதிர் காலத்தில் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், முதியோர் இல்லங்களில் வசிக்கும் பெரியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு மட்டும்தான் இலவசம். கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்றியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு அதைப் போடாமல் விட்டுவிடாதீர்கள். நான் சொல்வது இங்கிலாந்துக்கான விதி. வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் என்எச்எஸ் (இங்குள்ள அரசு மருத்துவச் சேவை) இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்குப் பள்ளியில் ஊசிக்குப் பதிலாக மூக்கில் ஸ்ப்ரே அடிப்பார்கள். அதில் பன்றி ஜெலட்டின் இருக்கிறது. வேண்டாம் என்று நினைப்பவர்கள் சம்மதப் படிவத்திலேயே எழுதிவிட்டு ஊசியாகக் கேட்கலாம், தருவார்கள்.

அப்புறம் தட்டம்மை. மாறாத வைரஸ் என்றால் என்ன என்று பார்க்க அதைவிட நல்ல உதாரணம் இல்லை. 1954-ல் அமெரிக்காவில் ஒரு சிறுவனிடமிருந்து எடுத்த வைரஸின் வழிவந்த ஊசிதான் இன்னும் வேலை செய்கிறது. முறையாக இரண்டு டோஸ் போட்டால் பெரும்பாலோருக்கு ஆயுசுக்கும் போதும். ஆனால் நம் ஊரில் ஒன்பது மாதத்தில் போடும் முதல் டோஸை இங்கே கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஒரு வயதுக்குப் பிறகு போட்டதுதான் கணக்கு. எந்தத் தேதியில் எது போட்டது என்று காட்ட அட்டை இல்லையென்றால், போடவே இல்லை என்று வைத்து முதலிலிருந்து தொடங்குவார்கள்.

டிசம்பரில் அம்மா அப்பாவை விசிட் விசாவில் அழைக்கிறவர்கள் கவனியுங்கள். ஜிபியைப் பார்க்க அவர்களுக்குக் காசில்லை, ஆஸ்பத்திரியில் படுத்தால் சாதாரணச் செலவைப் போல ஒன்றரை மடங்குக்கு பில் வரும். ஃப்ளூ ஊசி வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் ஆகும். ஆகவே சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ டாக்டரைக் கேட்டு, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். பேரப்பிள்ளையின் ஊசி அட்டையை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தால், அவர்களிடமே கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். கைப்பையில் வைக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம்.