வட சென்னையில புது பிளாட் வாங்கப் போறீங்களா? தெருவ பாருங்க, யூடிஎஸ்ஸ கேளுங்க

"பெரம்பூருக்கு மிக அருகில்"னு போர்டு வச்சிருப்பாங்க, போய் பாத்தா கொடுங்கையூர் தாண்டி எங்கயோ ஒரு முட்டுச்சந்துல சைட் இருக்கும். கொளத்தூர்னு சொல்லி புழல் பக்கம் விப்பாங்க, மாதவரம்னு சொல்லி மாத்தூர காட்டுவாங்க. அதனால ஏரியா பேர வச்சு ரேட்டு சரியா தப்பானு முடிவு பண்ணாதீங்க. நம்ம பக்கம் ஒரே பின்கோடுக்குள்ள ஒரு தெருவுல மழை நின்ன அரை மணி நேரத்துல தண்ணி வடிஞ்சிடும், அடுத்த தெருவுல மூணு நாள் நிக்கும், ரெண்டுக்கும் பில்டர் சொல்ற சதுர அடி ரேட்டு மட்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும். என்ன கேட்டா நீங்க காசு குடுக்கறது அந்த தெருவுக்கும், அந்த மண்ணுல உங்க பேர்ல வர்ற பங்குக்கும் (அதான் யூடிஎஸ்) தான், டைல்ஸு மாடுலர் கிச்சன் எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

முதல்ல தண்ணி. பக்கிங்ஹாம் கால்வாய், ஓட்டேரி நல்லா ஓடை, கேப்டன் காட்டன் கால்வாய், ரெட்டேரி, இதுல எது உங்க சைட்டுக்கு எவ்வளவு கிட்ட இருக்குனு மேப்ல பாத்துட்டு தான் வீட்டையே பாக்கப் போகணும். புழல் ஏரி நிறைஞ்சு உபரி தண்ணி திறந்துவிட்டா அது மணலி, சடையங்குப்பம் பக்கமா தான் கடலுக்குப் போவும், அந்தப் பக்கம் வாங்கறவங்க இத கட்டாயம் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். 2015ல என்ன ஆச்சு, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல என்ன ஆச்சுனு பில்டர கேக்காதீங்க, அவரு "ஒரு சொட்டு நிக்கல சார்"னு தான் சொல்லுவாரு. தெருமுனை டீக்கடை, அயர்ன் பண்றவர், எதிர் வீட்டு வாசல்ல உக்காந்திருக்கற ஆயா, இவங்கள கேளுங்க, எந்த படி வரைக்கும் வந்துச்சுனு கைய வச்சே காட்டுவாங்க. அப்படியே பக்கத்து காம்பவுண்டு சுவத்துல தண்ணி நின்ன கறை இருக்கானு பாருங்க, பழைய வீடுங்க எல்லாம் வாசல்ல புதுசா ஒரு சின்ன சுவர் எழுப்பி அத தாண்டி உள்ள போற மாதிரி வச்சிருந்தாங்கனா வேற சாட்சியே வேணாம்.

புது பில்டிங்க ரோட்ட விட ரெண்டு மூணு அடி ஒசத்தி கட்டியிருப்பாங்க, அத பாத்து நிம்மதி ஆயிடாதீங்க, உங்க வீட்டுக்குள்ள வராட்டியும் தெருவுல இடுப்பளவு நின்னா நீங்க வெளிய போக முடியாது, பால் வராது, யாருக்காவது உடம்பு சரியில்லனா ஆட்டோ வராது. அதோட ஸ்டில்ட்ல, அதாவது கீழ தூணுங்க மட்டும் இருக்கற பார்க்கிங் தளத்துல, இபி மீட்டர் போர்டு எந்த ஒசரத்துல இருக்கு, சம்ப்போட வாய் தரையோட தரையா இருக்கா இல்ல மேல தூக்கி கட்டியிருக்காங்களா, லிஃப்ட் குழியில தண்ணி எறங்காம இருக்க என்ன பண்ணியிருக்காங்க, இந்த மூணையும் குனிஞ்சு பாருங்க. மீட்டர் போர்டு கீழ இருந்தா மழைக்கு கரண்ட் போயிடும், சம்ப் வாய் கீழ இருந்தா சாக்கடைத் தண்ணி உள்ள எறங்கிடும், அப்புறம் மூணாவது மாடில குடியிருந்தும் பிரயோஜனம் இல்ல. முடிஞ்சா ஒரு மழை நாள் சாயந்திரம் போங்க. வெயில் காலத்துல டீல முடிக்கச் சொல்லி அவசரப்படுத்தினா கொஞ்சம் யோசிங்க.

குடிக்கற தண்ணி வேற கதை. திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் 2011ல தான் மாநகராட்சிக்குள்ள வந்துச்சு, அதனால அந்தப் பக்கம் ஒவ்வொரு தெருவுக்கும் மெட்ரோ வாட்டர் லைனும் பாதாள சாக்கடையும் இருக்கானு தனித்தனியா விசாரிக்கணும், இல்லனா செப்டிக் டேங்க் லாரிக்கும் தண்ணி லாரிக்கும் மெயின்டனன்ஸ்ல கட்டிக்கிட்டே இருப்பீங்க. கடல் பக்கம் போரு தண்ணி உப்பு, அங்க போர மட்டும் நம்பி வாங்காதீங்க, உப்புக் காத்துக்கு கிரில்லும் ஏசி அவுட்டோர் யூனிட்டும் சீக்கிரம் துருப்பிடிக்கறது தனி செலவு.

காத்து, சத்தம், லாரி, இதுக்கு எல்லாம் பகல்ல ஒரு தடவ போய் பாத்தா பத்தாது, ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு தடவ போகணும். கொடுங்கையூர் குப்பைக்கிடங்குல பழைய குப்பைய பிரிச்சு எடுக்கற வேலை நடக்குது, ஆனாலும் காத்து திரும்பினா நாத்தம் எந்த தெரு வரைக்கும் வருதுனு அங்க இருக்கறவங்களுக்கு தான் தெரியும். மணலி பக்கம்னா ரிஃபைனரி, உரக் கம்பெனி வாடை, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு பக்கம்னா ஹார்பருக்குப் போற கன்டெய்னர் லாரி வரிசை. பொண்ணு ஸ்கூட்டில காலேஜ் போகணும்னா அந்த லாரிங்களுக்கு நடுவுல தான் போகணும், அத நினைச்சுப் பாருங்க.

மெட்ரோ பத்தி ஒரு வார்த்தை. வண்ணாரப்பேட்டையில இருந்து விம்கோ நகர் வரைக்கும் 2021 பிப்ரவரில இருந்தே ஓடுது, அதனால தண்டையார்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி பக்கம் ஸ்டேஷனுக்கு நடந்து போற தூரம்னா அதுக்கு கூட ரெண்டு ரூபா குடுக்கறதுல நியாயம் இருக்கு. மாதவரம், மூலக்கடை, பெரம்பூர், கொளத்தூர் பக்கம் வர்றது ரெண்டாம் கட்டம். நாளைக்கு ஓடப்போற ரயிலுக்கு இன்னிக்கே முழு விலையும் கேப்பாங்க, அதுல பாதிய பேரம் பேசி கொறைக்கணும். "ஸ்டேஷன்ல இருந்து 5 நிமிஷம்"னா நடந்து பாருங்க, நடுவுல ரயில்வே கேட் இருக்கா, மழைக்கு மூடற சப்வே இருக்கானும் பாருங்க. வியாசர்பாடி கணேசபுரம் சப்வேய தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல.

இப்ப வீட்டுக்குள்ள வருவோம். டேப் எடுத்துட்டுப் போங்க, கூச்சமே வேணாம். பிரவுச்சர்ல 1000 சதுர அடினு போட்டிருந்தா அது சூப்பர் பில்டப், மாடிப்படி, லிஃப்ட், காரிடார் எல்லாத்துலயும் உங்க பங்க சேத்து சொல்றது, பொதுவா அதுல நாலுல ஒரு பங்கு, சில இடத்துல அதுக்கும் மேலயே, உங்க வீட்டுக்குள்ள இருக்காது. ஒவ்வொரு ரூமா சுவத்துக்கு சுவர் அளந்து கூட்டி, மொத்த விலைய அந்த கார்பெட் ஏரியாவால வகுத்தா தான் நிஜ ரேட்டு தெரியும். ரெண்டு பிளாட்ட கம்பேர் பண்ணும்போது இந்த ரேட்ட மட்டும் வச்சு பண்ணுங்க, பில்டர் சொல்ற ரேட்டுல கம்மியா இருந்தது இதுல கூட வரும்.

ஒரு கிரவுண்டுல கட்டற பில்டிங்ல பக்கத்து சுவர் கையெட்டற தூரத்துல இருக்கும், அதனால எந்த ரூமுக்கு எந்தப் பக்கம் ஜன்னல், அது தொறந்தா ஆகாயம் தெரியுதா இல்ல பக்கத்து வீட்டு பாத்ரூம் பைப்பு தெரியுதானு பாக்கணும். இன்னிக்கு பக்கத்துல காலி மனைனா நாளைக்கு அங்கயும் நாலு மாடி வரும், அப்ப உங்க ஹாலுக்கு வெளிச்சம் எங்கேந்து வரும்? பைப்பு போற டக்டுக்கு மட்டும் ஜன்னல் வச்ச பெட்ரூம் எனக்கு சுத்தமா புடிக்காது, கீழ் வீட்டு மீன் குழம்பு வாசனை முழுக்க அது வழியா தான் மேல ஏறும், குழம்பு நல்லா இருந்தாலும் ராத்திரி பதினோரு மணிக்கு எதுக்கு. வாஸ்துவுக்காக அக்னி மூலையில கிச்சன வச்சுட்டு, மெயின் டோர் தொறந்ததும் டாய்லெட் கதவு தெரியற பிளான் நிறைய பாக்கலாம். வாஸ்து பாக்கறவங்க பாருங்க, கூடவே கட்டில் பீரோ ரெண்டும் போட்டா கதவு முழுசா தொறக்குமா, வாஷிங் மெஷினுக்கு தண்ணி பாயிண்டும் டிரைனும் ஒரே இடத்துல இருக்கா, துணி எங்க காயப் போடறது, இதையும் பாருங்க. மேற்கு வெயில் நேரா அடிக்கற பெட்ரூமும் டாப் ஃப்ளோரும் ஏப்ரல் மே மாசத்துல எப்படி இருக்கும்னு நம்மளுக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்ல, டாப் ஃப்ளோர்னா மொட்டை மாடில தட்டோடு போட்டிருக்காங்களானு பாத்துட்டு விலையும் கொறைச்சு கேளுங்க.

பார்க்கிங்ல ஒரு கார் பின்னாடி இன்னொரு கார் நிக்கற மாதிரி குறிச்சிருப்பாங்க, தினம் காலைல சாவி கேட்டு கதவு தட்டற வாழ்க்கை அது. தூண்களுக்கு நடுவுல உங்க வண்டி திரும்புமானு ஓட்டியே பாத்துடுங்க, ஸ்லாட் நம்பர் எழுத்துல இருக்கணும்.

அடுத்து யூடிஎஸ், அதாவது மொத்த மனையில பிரிக்கப்படாத உங்க பங்கு. ஒரு கிரவுண்டுனா 2400 சதுர அடி, அதுல ஆறு சம பிளாட்டுனா ஆளுக்கு 400, அதே இடத்துல எட்டு பிளாட் போட்டா ஆளுக்கு 300. ரெண்டு இடத்துலயும் ஒரே விலை சொன்னா 400 குடுக்கறவர் தான் உங்களுக்கு அதிகம் குடுக்கறாரு, ஏன்னா கட்டடம் வருஷா வருஷம் பழசாகும், விலை ஏறறது மண்ணு மட்டும் தான். புது அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூணுல ரெண்டு பங்கு ஓனர்ங்க சம்மதிச்சா பழைய பில்டிங்க இடிச்சு கட்டலாம், அன்னிக்கு உங்க பேச்சுக்கு மதிப்பு இந்த யூடிஎஸ் தான். எல்லா பிளாட்டோட யூடிஎஸ்ஸையும் கூட்டினா மொத்த மனை வருதானு கணக்கு போடுங்க, கொறைஞ்சா மிச்சம் யார்கிட்ட இருக்குனு கேளுங்க. அப்ரூவ்டு பிளான்ல இல்லாத ஒரு வீடு மொட்டை மாடில மொளைச்சிருந்தா அங்கயே கும்பிடு போட்டுட்டு வந்துடலாம்.

இடத்தோட மதிப்ப சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கு, பதிவுத்துறை வெப்சைட்டுல வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்கு அரசு வச்சிருக்கற மதிப்பு, தெரு வாரியா இருக்கு, உங்க தெருவும் பக்கத்து நாலு தெருவும் என்ன போட்டிருக்குனு பாருங்க. அதோட அதே தெருவுல பழைய பிளாட் என்ன விலைக்கு போகுதுனு விசாரிங்க, பழசுல யூடிஎஸ் ஜாஸ்தியா இருக்கும், சில நேரம் புதுசே வேணாம்னு கூட தோணும்.

பேப்பர் விஷயத்துல நம்ம ஏரியாவுக்குனு ரெண்டு வில்லங்கம் இருக்கு. ஒண்ணு, ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் பழைய ஓட்டு வீடுங்கள இடிச்சு ஜாயின்ட் வென்ச்சர்ல (இடம் ஓனரோடது, கட்டறது பில்டர்) கட்டறது, தாத்தா பேர்ல இருக்கற இடத்துக்கு வாரிசுங்க ஒரு டஜன் பேர் இருப்பாங்க, கட்டிக் குடுத்த அத்தைங்க கையெழுத்து இல்லாம பில்டருக்கு பவர் பத்திரம் குடுத்திருப்பாங்க. தமிழ்நாட்டுல இந்துக் குடும்பத்துப் பொண்ணுங்களுக்கும் பரம்பரை சொத்துல சம பங்குனு 1989லயே சட்டம் வந்தாச்சு, அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களையும் 2005 மத்திய சட்டம் சேத்துடுச்சு, அதனால வாரிசு சான்றிதழ்ல இருக்கற ஒவ்வொரு பேரும் பத்திரத்துல இருக்கானு டிக் அடிங்க. ரெண்டு, கோயில் அடிமனை, வக்ஃபு, பழைய குடிசை மாற்று வாரிய ஒதுக்கீடு, அதாவது மண்ணு விக்கறவர் பேர்ல முழுசா இல்லாம இருக்கக்கூடிய இடங்க. மூலப்பத்திரமும் பட்டாவும் 30 வருஷ ஈசியும் (வில்லங்கச் சான்று) எடுத்து ஒரு வக்கீல்கிட்ட குடுங்க, பில்டரோட வக்கீல் வேணாம். கையில முழு காசு இருந்தாலும் ஒரு பேங்க்ல லோன் போட்டுப் பாருங்க, அவங்க பேனல் வக்கீலும் ஒரு தடவ பாப்பாரு.

ரெரா, அதாவது ரியல் எஸ்டேட்ட கண்காணிக்கற அரசு ஆணையத்தோட நம்பர் இருந்தா அவங்க வெப்சைட்டுல போட்டுப் பாருங்க. ஆனா மனை 500 சதுர மீட்டருக்கு மேல போகாட்டியோ எட்டு பிளாட்டுக்கு மேல இல்லாட்டியோ ரெராவுல பதிவு பண்ண வேண்டியதில்ல, நம்ம பக்கம் ஒரு கிரவுண்டு ரெண்டு கிரவுண்டு பில்டிங் எல்லாம் இதுல தான் வரும். ரெரா சட்டத்துல அக்ரிமென்ட் பதிவு பண்றதுக்கு முன்னாடி 10 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாது, கட்டுமானக் குறைக்கு 5 வருஷம் பில்டர் பொறுப்புனு இருக்கு. ரெராவுல வராத சின்ன பில்டர்கிட்ட இந்த ரெண்டையும் அக்ரிமென்ட்லயே எழுதி வாங்கிடுங்க, மாட்டேன்னு சொன்னா காரணத்த கேளுங்க.

செலவுக் கணக்குல விலைய மட்டும் பாக்காதீங்க. பில்டர்கிட்ட முதல் தடவ வாங்கற புது பிளாட்டுக்கு 50 லட்சம் வரைக்கும் முத்திரைத்தாள் 4, பதிவு 2, மொத்தம் 6 சதவீதம், 50 லட்சத்துக்கு மேல 3 கோடி வரைக்கும் 7. கட்டிட்டு இருக்கும்போதே வாங்கினா ஜிஎஸ்டி 5 சதவீதம், 45 லட்சத்துக்குள்ள, கார்பெட் 60 சதுர மீட்டருக்குள்ள இருந்தா 1, கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வந்தப்புறம் வாங்கினா ஜிஎஸ்டியே கிடையாது. ஆக 60 லட்சத்துக்கு கட்டும்போதே வாங்கினா ஜிஎஸ்டி 3 லட்சம், பதிவுக்கு 4 லட்சத்து 20 ஆயிரம், அது மேல பார்க்கிங், இபி டெபாசிட், கிரில், மர வேலை. 50 லட்சமோ அதுக்கு மேலயோனா பில்டருக்கு குடுக்கற காசுல 1 சதவீதம் டிடிஎஸ் புடிச்சு வருமான வரித்துறைக்கு கட்ட வேண்டியதும் நீங்க தான், அத பில்டர் ஞாபகப்படுத்த மாட்டாரு.

கடைசி தவணைய மட்டும் சாவிக்கு முன்னாடி குடுத்துடாதீங்க. பாத்ரூம் டிரைன அடைச்சு தண்ணி நிரப்பி ஒரு நாள் விட்டு கீழ் வீட்டு சீலிங்க பாருங்க, எல்லா சுவிட்சும் போட்டுப் பாருங்க, கசிவு இருந்தா சரி பண்ண சொல்லிட்டு அப்புறம் செக்க குடுங்க. பதிவு முடிஞ்ச கையோட இபி, சொத்து வரி, தண்ணி வரி மூணையும் உங்க பேருக்கு மாத்திடுங்க, தள்ளிப் போட்டா பில்டர் அடுத்த சைட்டுக்குப் போயிருப்பாரு, கையெழுத்துக்கு அவர் பின்னாடி அலையணும்.