நீதிபதி ஒருவரின் வாழ்க்கையை மேடையில் சொல்வது எப்படி

களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்குப் பழக்குகிறேன். போன தவணை ஒரு மாணவி, கொன்ஸ்டன்ஸ் பேக்கர் மொட்லியைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தாள். அமெரிக்காவில் சமஷ்டி நீதிபதி, அதாவது மாநிலத்தின் நீதிமன்றத்தில் அல்லாமல் மத்திய அரசின் நீதிமன்றத்தில் நீதிபதியான முதல் கறுப்பினப் பெண் அவர். கொப்பியில் இரண்டு பக்கமும் பதவியும் ஆண்டும்தான். "இதில மனுசி எங்க மகள்?" என்று கேட்டேன். அன்று நாங்கள் இருவரும் இருந்து திருத்திய முறையை மற்றப் பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன்.

பிறந்த ஆண்டோடு தொடங்காதீர்கள். படிக்கக் காசு யார் கொடுத்தது என்று தேடுங்கள். மொட்லியின் தகப்பன் நியூ ஹேவன் நகரில் யேல் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களுக்குச் சமைத்தவர். மகளைப் பல்கலைக்கழகம் அனுப்ப வசதியில்லை. ஊர்ச் சமூக நிலையத்துக்குக் கறுப்பின மக்கள் ஏன் வருவதில்லை என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. நிர்வாகத்தில் எங்கள் ஆட்களுக்கு இடமில்லையே என்று அந்த இளம்பெண் எழும்பிச் சொன்னார். அந்த நிலையத்துக்குக் காசு கொடுத்த கிளாரன்ஸ் பிளேக்ஸ்லி அங்கேயே இருந்தார். பிறகு அவர்தான் மொட்லியின் படிப்புச் செலவை ஏற்றார். ஒரு பேச்சு வாங்கிக் கொடுத்த படிப்பு! இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது.

அடுத்து, சட்டத்தரணியாக இருந்த காலம். அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் 10 வழக்குகளில் வாதாடி 9இல் வென்றவர். மற்ற நீதிமன்றங்களிலும் பல வழக்குகள் பேசினார். எல்லாவற்றையும் சொல்லப் போனால் நேரம் போய்விடும், ஒன்றை எடுங்கள். 1962இல் ஜேம்ஸ் மெரெடித் என்ற கறுப்பின மாணவர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குள் போக மொட்லி பேசி வழி திறந்த வழக்கை நாங்கள் எடுத்தோம். காரணம் பின்னால் வரும்.

சொற்களில் கவனம். இந்தியப் புத்தகத்தில் 'உயர் நீதிமன்றம்' என்றால் இலங்கையில் நம்முடைய மேல் நீதிமன்றம். அங்கே 'உச்ச நீதிமன்றம்' என்பதுதான் நமக்கு உயர் நீதிமன்றம். பார்த்து எழுதும்போது இதில்தான் பிள்ளைகள் அதிகம் பிழை விடுகிறார்கள்.

நியமனத்தையும் விளக்கத்தான் வேண்டும். இங்கே மேல் நீதிமன்ற நீதிபதிக்கு 61 வயதில் ஓய்வு, உயர் நீதிமன்ற நீதியரசருக்கு 65. அமெரிக்காவில் சமஷ்டி நீதிபதியை ஜனாதிபதி பெயர் குறிப்பார், செனட் சபை சம்மதிக்கும். அதன்பின் ஆயுள் முழுக்கப் பதவி, ஓய்வு வயது இல்லை. 1966 ஜனவரியில் ஜனாதிபதி ஜோன்சன் மொட்லியின் பெயரைக் கொடுத்தார். செனட்டின் நீதித்துறைக் குழுத் தலைவர் ஈஸ்ட்லண்ட் அதை ஏழு மாதம் இழுத்தடித்தார். அவர் எந்த மாநிலத்துக்காரர்? மிசிசிப்பி. மெரெடித் வழக்கு முன்னமே சொல்லியிருந்தால் சபை தானாகவே விளங்கிக்கொள்ளும், நீங்கள் விளக்கத் தேவையில்லை.

அப்புறம் ஒரு தீர்ப்பு. தீர்ப்பு இல்லாமல் நீதிபதியின் கதை இல்லை. 1975இல், பெண் என்பதால் வேலையில் பாகுபாடு காட்டினார்கள் என்று ஒரு சட்ட நிறுவனத்துக்கு எதிராக மொட்லியின் முன் வழக்கு. நீங்கள் கறுப்பினப் பெண், உரிமை வழக்குகள் பேசியவர், இந்த வழக்கைக் கேட்காமல் விலகுங்கள் என்று எதிர்த்தரப்பு கேட்டது. மொட்லி மறுத்தார். இந்த நீதிமன்றத்தில் எல்லா நீதிபதிகளுக்கும் ஓர் இனமும் ஒரு பாலும் உண்டு, அதைக் காரணம் காட்டினால் இங்கே ஒருவருமே வழக்குக் கேட்க முடியாது என்பதுதான் அவர் பதிலின் சாரம். இதை நிறுத்தி, சாதாரணக் குரலில் சொல்லுங்கள். கையை உயர்த்தி முழங்கினால் அதன் பலம் போய்விடும்.

எழுதி முடிந்ததும் வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் அம்மம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அவர் "பிறகு?" என்று கேட்கும் இடம் சரி. "ம்ம்" என்று மட்டும் சொல்லும் இடத்தை வெட்டுங்கள். எங்கள் மாணவிக்கு அப்படி அரைப்பக்கம் போனது.

முடிவில் 2005இல் இறந்தார் என்று சொல்லி இறங்க வேண்டாம். விலக மறுத்த அந்தப் பதிலோடு வணக்கம் சொல்லி இறங்குங்கள்.