தண்ணீரை வடிக்காத பச்சைப் பட்டாணி

நிறையத் தண்ணீரில் பட்டாணியை வேகவைத்து, வடிகட்டி, அப்புறம் வாணலியில் போட்டுப் புரட்டுவதுதான் பலருக்குப் பழக்கம். அடுத்த முறை அந்த வடித்த தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். தித்திக்கும். பட்டாணியில் இருந்திருக்க வேண்டிய ருசியைத்தான் கீழே கொட்டுகிறோம். கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, அது சுண்டிப் பட்டாணி மேலேயே ஒட்டும்படி செய்தால் மசாலாப் பொடி எதுவும் தேவைப்படாது.

வேண்டியவை: உரித்த பட்டாணி 2 கப் (சுமார் 300 கிராம்), வெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், பூண்டு 2 பல், சின்ன அளவில் ஒரு வெங்காயம், உப்பு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக, சர்க்கரை ஒரு சிட்டிகை, மிளகு, அரை மூடி எலுமிச்சை. மூன்று பேர் தொட்டுக்கொள்ளத் தாராளமாக வரும்.

எந்தப் பட்டாணி வாங்குவது? பறித்த நிமிடத்திலிருந்தே அதிலுள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். அன்று பறித்தது கிடைத்தால் அதற்கு ஈடில்லை. கிடைக்காவிட்டால் ஃப்ரோசன் பட்டாணியே மேல். பறித்த சூட்டோடு வெந்நீரில் முக்கியெடுத்து உறைய வைப்பதால், நாலு நாள் கூடையில் கிடந்த காயைவிட அதில் இனிப்பு அதிகம் நிற்கும். ஏற்கெனவே அரைவேக்காடு என்பதால் வேலையும் குறைவு. ஊறவைத்த காய்ந்த பட்டாணி இதற்கு ஆகாது. அது வேகும் கணக்கே வேறு.

பாத்திரம்: அகலமான, தட்டையான அடி உள்ள ஸ்டீல் பான். குழிவான வாணலியில் தண்ணீர் நடுவில் தேங்கிவிடும். பிரஷர் குக்கரை இதற்கு எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரு விசில் வருவதற்குள் பட்டாணி குழைந்து, நிறமும் மங்கிவிடும்.

1. பாதி வெண்ணெயை உருக்கி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தைக் கண்ணாடி போல ஆகும்வரை வதக்குங்கள். நசுக்கிய பூண்டை அதற்குப் பிறகு போடுங்கள். வாசனை எழுந்தால் போதும், சிவக்க விடக் கூடாது.

2. பட்டாணி, உப்பு, சர்க்கரை சேர்த்து, பச்சையாக உரித்ததென்றால் அரை கப் தண்ணீர், ஃப்ரோசன் என்றால் மூன்று டேபிள்ஸ்பூன் மட்டும் ஊற்றுங்கள். ஃப்ரோசனை முன்கூட்டி எடுத்து வைத்து இளக வைக்க வேண்டாம். கட்டியாக இருந்தால் பையோடு மேடையில் ஒரு தட்டு தட்டினால் உதிர்ந்துவிடும். மூடி போடாதீர்கள். தீ நடுத்தரத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும்.

3. சிக்கலான இடம் இதுதான். கடிகாரத்தைப் பார்க்காமல் காதைக் கொடுங்கள். முதலில் தண்ணீர் களகளவென்று கொதிக்கும், குமிழ்கள் சின்னதாக இருக்கும். தண்ணீர் குறையக் குறையக் குமிழ்கள் பெரிதாகி, சோம்பலாக வெடிக்கும். அப்போது ஒரு பட்டாணியை எடுத்துக் கடித்துப் பாருங்கள். தோல் லேசாக எதிர்த்து, உள்ளே மென்மையாக இருந்தால் பதம். இளசு மூன்று நான்கு நிமிடத்தில் இங்கே வந்துவிடும், முற்றியதற்கு எட்டு நிமிடம்கூட ஆகலாம். இன்னும் வேகவில்லை, தண்ணீரும் தீர்ந்துவிட்டது என்றால் ஒரு கை தண்ணீர் தெளித்துத் தொடருங்கள். வெந்துவிட்டதென்றால் மீதி வெண்ணெயைப் போட்டு, கரண்டியால் கிளறாமல் பானைப் பிடித்துக் குலுக்குங்கள். எஞ்சிய நீரும் வெண்ணெயும் கலந்து, பட்டாணி மேல் மெல்லிய பளபளப்பாகப் படியும். கொதிக்கும் ஓசை மாறிச் சுர்ரென்று வந்தால் நீர் போய்விட்டது, வெண்ணெய் பிரிந்து எண்ணெயாக மிதக்கும். பரவாயில்லை, ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் மறுபடி சேர்ந்துகொள்ளும்.

4. அடுப்பை அணைத்து மிளகைப் பொடித்துத் தூவுங்கள். எலுமிச்சை பரிமாறும் நேரத்தில் மட்டும். சூட்டில் புளிப்பு பட்டால் பச்சையம் தன் மெக்னீசியத்தை இழந்து, ஆலிவ் காய் நிறத்துக்குப் போய்விடும். மூடி வேண்டாம் என்றதும் இதற்காகத்தான். வேகும்போது காயிலிருந்து வரும் அமிலம் ஆவியோடு வெளியே போக வழி வேண்டும். பச்சை நிறத்துக்காகச் சோடா உப்பு போடச் சொல்வார்கள். நிறம் நிற்கும்தான், ஆனால் தோல் கூழாகிச் சோப்பு வாடை வரும். நான் போடுவதில்லை.

பின்னர் சேர்த்தது: செய்து பார்த்தவர்கள் அதிகம் கேட்டது இரண்டு.

அளவை இரட்டிப்பாக்கினால் கூட்டுப் போல ஆகிறதாம். பட்டாணி ஒன்றின் மேல் ஒன்று குவிந்தால் நீர் ஆவியாகாது, அடியில் உள்ளது குழையும். இரண்டு தடவையாகச் செய்யுங்கள், நேரம் ஒன்றும் பெரிதாக அதிகமாகிவிடாது.

முன்கூட்டியே செய்து வைத்தால் தோல் சுருங்குகிறது என்பது இன்னொன்று. சூடான பட்டாணி காற்றில் வறண்டு ஆறும்போது அப்படித்தான் ஆகும். கொஞ்சம் நீர் மிச்சமிருக்கும்போதே இறக்கி, அந்த நீரிலேயே ஆற விடுங்கள். சாப்பிடும் முன் மீதி வெண்ணெயைப் போட்டு ஒரு நிமிடம் சூடாக்கிச் சுண்ட வையுங்கள். எலுமிச்சை அதற்கும் பிறகுதான்.