காய்ச்சல் விட்டபின் வரும் வயிற்று வலி

டெங்குவில் பலரும் ஏமாறுவது காய்ச்சல் இறங்கும் நாளில்தான். "சரி, கண்டம் தாண்டியாச்சு" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். உண்மையில், நோய் தொடங்கி 3 முதல் 7 நாட்களுக்குள், காய்ச்சல் விடும் நேரத்தில்தான் நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அது வயிற்றுக்குள் தேங்கும், ஈரல் வீங்கும். அந்த நாட்களில் விடாத வயிற்று வலியும் ஓயாத வாந்தியும் உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்ட எச்சரிக்கை அறிகுறிகள். அதை 'வாயு' என்று சொல்லி அல்சர் மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது. வலிக்கு ஐபுபுரூஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் போடுவது இன்னும் மோசம். இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பாராசிட்டமால் போதும், அதுவும் அளவோடு.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் தடித்திருக்கும், வலப்பக்கம் வலிக்கும், உடனே ஆபரேஷன் பேச்சு வரும். டெங்குவில் கல்லே இல்லாமல் பித்தப்பை இப்படி வீங்குவது உண்டு. பெரும்பாலும் கத்தி படாமலே, நோயோடு சேர்ந்து அடங்கிவிடும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது அறுப்பதுதான் ஆபத்து. குடல் ஓட்டை போன்ற நிஜமான அவசரம் வேறு கதை.

கடுமையான கோவிட்டில் சிக்கல் வேறு விதம். குடலுக்குப் போகும் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்தால் நோயாளி வலியால் துடிப்பார், தொட்டுப் பார்த்தால் வயிறு மிருதுவாகவே இருக்கும். இந்தப் பொருத்தமின்மைதான் துப்பு. இரத்த ஓட்டம் போதாதபோது ஏறும் லாக்டேட் அளவு சரியாக இருக்கிறதே என்று காத்திருக்காமல், இரத்தக் குழாய்களைக் காட்டும் சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். உறைவைத் தடுக்க ஊசி போடும் நோயாளிக்கு, ஓயாத இருமலால் வயிற்றுத் தசைக்குள்ளேயே இரத்தம் கட்டலாம். திடீரென ஒரு பக்கம் புடைத்து ஹீமோகுளோபின் சரிந்தால் அதை நினைக்க வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்க மருந்தில் இருப்பவரால் வலி என்று சொல்ல முடியாது. ஸ்டீராய்டும் சேர்ந்தால், குடல் ஓட்டையாகியிருந்தாலும் வயிறு இறுகாமல் போகலாம். குழாய் வழி கொடுக்கும் உணவு தங்காமல் திரும்பி வருவதும் வயிறு உப்புவதும்தான் அங்கே வலியின் மொழி. அதனால் வயிற்றைத் தினமும் கையால் தொட்டுப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.